அம்பாசடர் முன் ஆயில் சீல் ஒழுகுதா: விட்டுடறதா, நோண்டி மாத்தறதா, கவரைக் கழட்டறதா?

நம்ம வண்டி 1983 அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல், ஊரு கோயமுத்தூர். ராத்திரி நிறுத்தும்போது அடியில ஒரு பழைய டிவி பெட்டி அட்டையை விரிச்சுப் போடுவேன், காலைல பாத்தா முன்பக்கம் ஒரு கறை, பின்பக்கம் ஒரு கறை. அந்த முன்பக்கக் கறைக்காக மூணு வருசத்துல மூணு தடவை கை வச்சாச்சு, மூணும் மூணு விதமா, அதுல ரெண்டு தண்டம். அதனால யாராச்சும் கிராங்க் முன் சீல், அதாவது கிராங்க் அச்சு முன்னாடி வெளிய வர்ற இடத்துல ஆயிலைத் தடுக்கற ரப்பர் வளையம், ஒழுகுதுன்னு ஆரம்பிச்சாலே எனக்கு வாய் சும்மா இருக்காது. இங்க சொல்றது எல்லாம் பழைய பிஎம்சி பி சீரிஸ் என்ஜினுக்குத்தான், 1992ல வந்த இசுஸு 1800 என்ஜின் வேற சமாச்சாரம், அதை வச்சிருக்கறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

முதல்ல ஒழுகறது அந்த சீல்தானான்னு உறுதி பண்ணிக்கங்க. ஏன்னா ஃபேன் காத்தை பின்னாடி தள்ளுது, முன்னாடி எங்க ஒரு சொட்டு வந்தாலும் அது என்ஜின் முழுக்க அப்பிடும், ராக்கர் கவர் பேக்கிங் ஒழுகினாக்கூட சீல்தான் போச்சுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. மண்ணெண்ணெய் போட்டு முன்பக்கத்தை சுத்தமா கழுவி, காய விட்டு, டைமிங் கவர் (முன்னாடி டைமிங் செயினை மூடற தகடு, சீல் இதுலதான் உக்காந்திருக்கு) மேல கொஞ்சம் முகத்துக்குப் போடற பவுடரைத் தட்டி விட்டு, பத்து நிமிசம் ஐடில்ல விட்டுப் பாருங்க. ஃபேன் சுத்தும்போது கையையோ பனியன் நுனியையோ அங்க நீட்டாதீங்க, ஆஃப் பண்ணிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. சீலா இருந்தா புல்லிக்கு, அதாவது கிராங்க் முனையில ஃபேன் பெல்ட்டை ஓட்டற சக்கரத்துக்கு, பின்னாடி அச்சைச் சுத்தி ஈரம் ஆரம்பிக்கும், அங்கேருந்து வட்டமா விசிறி அடிச்ச மாதிரி கோடு இருக்கும். கவர் ஓரத்துல கசிஞ்சா அது பேக்கிங்.

இன்னொரு அடையாளம் ரொம்ப பேருக்குத் தெரியறதில்ல. வண்டி நிக்கும்போது சம்ப்ல, அதாவது என்ஜின் அடி ஆயில் தொட்டியில, இருக்கற ஆயில் மட்டம் கிராங்க்கை விடக் கீழதான் இருக்கும், அதனால நிக்கற வண்டியில முன் சீலுக்குப் பின்னாடி ஆயில் தேங்கி நிக்கறதே இல்ல. ஓடும்போது செயின் வாரி அடிக்கற ஆயில்தான் வெளிய வருது, நிறுத்தினப்புறம் ஏற்கனவே வெளிய வந்து ஒட்டிக்கிட்டிருந்ததுதான் கொஞ்ச நேரம் சொட்டி அடங்கிடும். ரெண்டு நாள் எடுக்காம நிக்கற வண்டி விடாம சொட்டிக்கிட்டே இருந்தா சம்ப் பேக்கிங்கையோ ட்ரெயின் பிளக்கையோ பாருங்க.

சரி, சீல்தான்னு ஆயிடுச்சு. முதல் வழி, சும்மா விட்டுடறது. இதைச் சொன்னா சில பேருக்குக் கோவம் வருது, ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தாத்தான் ஒரு மில்லி. ராத்திரிக்கு 20 சொட்டுன்னு வச்சாலும் வருசத்துக்கு 365 மில்லி, அரை லிட்டர்கூட இல்ல. அட்டையில பாக்கறதுக்குத்தான் பெருசாத் தெரியும், எண்ணெய்க் கறை எப்பவும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் மருதமலை வரைக்கும் போயிட்டு வர்ற வண்டின்னா வாராவாரம் டிப்ஸ்டிக் பாத்து மேல ஊத்திக்கிட்டு ஓட்டறதுல ஒரு தப்பும் இல்ல. எப்ப விடக்கூடாதுன்னா, ஃபேன் பெல்ட் நனைய ஆரம்பிச்சா. பெல்ட் வழுக்கினா வாட்டர் பம்ப்பும் சார்ஜிங்கும் சேர்ந்து போகும், அது போக என்ஜின் மவுண்ட் ரப்பர் ஆயில்ல ஊறி ஊறி பஞ்சு மாதிரி ஆயிடும், அப்ப சீல் வேலை மிச்சம்னு நெனச்சது மவுண்ட் வேலையா வந்து நிக்கும்.

கடையில டப்பாவுல விக்கற லீக் நிறுத்தற மருந்து பத்தி ஒரே வரிதான். அது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், ரொம்ப நாள் நின்னு விறைச்சுப் போன சீலுக்கு சில வாரம் கேக்கலாம், தேஞ்ச புல்லிக்கு ஒண்ணும் பண்ணாது.

ரெண்டாவது வழி, கவரைக் கழட்டாம சீலை மட்டும் நோண்டி எடுத்துட்டு புதுசை அடிச்சு உக்கார வைக்கறது. என் முதல் தடவை இதுதான். ரோட்டோரப் பட்டறைத் தம்பி ஒருத்தரு, "ஒரு மணி நேரங்ணா, டீ குடிச்சுட்டு வாங்க"ன்னாரு. ரேடியேட்டரை எடுத்தாரு, புல்லியை இழுத்தாரு, பழைய சீல்ல ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்பினாரு, நான் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள புது சீல் உள்ள போயிடுச்சு. ஒன்றரை மாசத்துல திரும்ப ஒழுகல். பின்னாடி கவரைக் கழட்டினப்பத்தான் தெரிஞ்சது, சீல் உக்கார்ற வளையத்துல ஸ்க்ரூ டிரைவர் கீறின கோடு ஒண்ணு குறுக்க போகுது, ஆயில் சீலோட வாய் (புல்லியைப் பிடிக்கற உள்விளிம்பு) வழியா வரல, வெளிச்சுத்து வழியா அந்தக் கீறல்ல வந்திருக்கு. பத்தாததுக்கு கவர் தகரம் லேசா உள்ள அமுங்கியும் இருந்துச்சு, அந்தக் கவர் அழுத்தித் தட்டின தகடுதான், வார்ப்பு கிடையாது, சுத்தியல் அடிக்குத் தாங்காது.

இந்த வழி மோசம்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன். பொறுமையான ஆளு, பழைய சீல்ல சின்ன ஸ்க்ரூ ரெண்டை முறுக்கி நேரா இழுத்து எடுத்து, புதுசை சரியான அளவு குழாய்த் துண்டை வச்சு நேரா தட்டி இறக்கினா நிக்கும். வெளியூர்ல மாட்டிக்கிட்டீங்க, வீடு வந்து சேரணும்னா இதுதான் வழி. ஆனா இதுல ரெண்டு விசயம் உங்க கையில இல்ல. ஒண்ணு, கவர் நடுவா இருக்கான்னு பாக்க முடியாது. ரெண்டு, உள்ள இருக்கற ஆயில் த்ரோவர் தட்டைப் பாக்க முடியாது.

அந்தத் த்ரோவர் பத்திக் கொஞ்சம் சொல்லணும். டைமிங் பல்சக்கரத்துக்கு முன்னாடி கிராங்க்ல ஒரு தட்டு இருக்கும், சீல் பக்கம் வர்ற ஆயிலைச் சுத்தி வெளிய எறியறதுதான் அதோட வேலை. முழுசாத் தடுக்கற வேலை பாதி அதோடது, மீதிதான் சீலோடது. அதைத் திருப்பிப் போட்டா உலகத்துலயே நல்ல சீல் போட்டாலும் ஒழுகும். பிந்தின வகைத் தட்டுல எஃப்னு எழுத்து இருக்கும், அந்த முகம் முன்னாடி பாக்கணும். பழைய வகைல குழிஞ்ச பக்கம் என்ஜினுக்கு எதிர்ப்பக்கம், அதாவது முன்னாடி. பழைய கவர்ல ரப்பர் சீலே கிடையாது, ஃபெல்ட்ங்கற அமுக்கின கம்பளி வளையம்தான், அந்தக் கவருக்கு அந்தக் காலத்துத் தட்டு, ரப்பர் சீல் கவருக்கு அதோட தட்டு, மாத்திக் கலக்கக் கூடாது. நம்ம ஊரு வண்டிங்கள்ல நாப்பது வருசத்துல யாரு எந்த என்ஜின்லேருந்து எதைக் கழட்டி எதுல மாட்டினாங்கன்னு எழுதியா வச்சிருக்காங்க, கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

ஃபெல்ட் கவர் வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு வழி. புது ஃபெல்ட்டை ஒரு ராத்திரி என்ஜின் ஆயில்ல ஊறப்போட்டு மாட்டலாம், ஒரிஜினலா வச்சுக்கணும்னு ஆசை இருந்தா அதுவே போதும், ஆனா சொட்டே விழாதுன்னு எதிர்பாக்காதீங்க, ஃபெல்ட் எப்பவும் கொஞ்சம் வேர்த்துக்கிட்டுத்தான் இருக்கும். இல்லைன்னா ரப்பர் சீல் கவரும் அதோட த்ரோவரும் ஜோடியா வாங்கி மாத்திடலாம். உக்கடம் பழைய சாமான் கடைங்கள்லயோ, சென்னைக்காரங்கன்னா புதுப்பேட்டையிலயோ தேடினா கிடைக்கும், வாங்கும்போது கவரைக் கண்ணாடி மேல கவுத்து வச்சு ஓரம் ஆடுதான்னு பாத்து வாங்குங்க.

மூணாவது வழி, கவரைக் கழட்டி முறையா பண்றது. ஒரு முழு நாள் வேலை, நிதானமா பண்ணா ரெண்டு நாள். தண்ணியை வடிச்சு ரேடியேட்டரை எடுத்தா முன்னாடி நல்லா இடம் கிடைக்கும். புல்லி நடுவுல ஹேண்டில் மாட்டுற பல்லு வச்ச பெரிய நட்டு, பட்டறையில டாக் நட்டும்பாங்க, 1-5/16 இஞ்ச் சாக்கெட் வேணும். அதுக்கு அடியில பூட்டு வாஷர் மடிச்சு விட்டிருக்கும், அதை உளி வச்சு நிமித்திட்டுத்தான் நட்டைத் தொடணும், இதை மறந்துட்டு மூணு பேரு பைப் போட்டுத் தொங்கின கதை எல்லாம் உண்டு. டாப் கியர்ல போட்டு ஒருத்தர் பிரேக்கை மிதிச்சா பெரும்பாலும் அவிழும், இல்லைன்னா டயர் கடை ஏர் கன். பாரை சேஸில முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டி நட்டை அவுக்கற வித்தை ஒண்ணு இருக்கு, வேலை செய்யும், ஆனா பார் தெறிச்சா என்ன ஆகும்னு யோசிச்சா நமக்கு வேண்டாம்னு தோணும். புல்லியை இழுக்க புல்லர் போடுங்க, ரெண்டு பக்கமும் டயர் லீவர் குத்தி நெம்பினா புல்லி விளிம்பு வளைஞ்சு அப்புறம் பெல்ட் ஆட்டம் போடும்.

இதுல உயிர்நாடியான வேலை ஒண்ணுதான். கவரை மாட்டும்போது போல்ட்டை எல்லாம் விரல்ல மட்டும் முறுக்கி லூசா விட்டுட்டு, சீல் வாய்லயும், சீலுக்குள்ள போற புல்லி கழுத்துலயும் ஆயில் தடவி, புல்லியை உள்ள தள்ளுங்க. கவர் துளைங்கள்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கும், புல்லியைத் தள்ளினதும் சீல் அதைப் பிடிச்சுக்கிட்டு கவர் தானா நடுவுக்கு வந்து நிக்கும். அப்புறம்தான் போல்ட்டுங்களை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். முதல்லயே கவரை இறுக்கிட்டு அப்புறம் புல்லியைச் சொருகினா சீலோட வாய் ஒரு பக்கம் அமுங்கியும் ஒரு பக்கம் தொங்கியும் இருக்கும், தொங்கற பக்கம் சீக்கிரம் ஒழுகும். இறுக்கற முறுக்கு கவர் சின்ன போல்ட்டுங்களுக்கு 6 அடி-பவுண்டு, பெருசுக்கு 14, நடு நட்டுக்கு 70. பேக்கிங்ல அனபாண்ட் (கசிவடைக்கற பசை) தடவணும்னா காகிதம் நனையற அளவுக்கு மட்டும், கேக்குக்கு க்ரீம் வைக்கற மாதிரி வச்சா பிதுங்கினது உள்ள விழுந்து ஆயில் ஸ்ட்ரெய்னர்ல போய் உக்காந்துக்கும்.

சீல்ல ஸ்பிரிங் தெரியற பக்கம் என்ஜினைப் பாக்கணும். சில சீல்ல சுத்தற திசைக்கு அம்புக்குறி இருக்கும், நம்ம என்ஜின் முன்னாடி நின்னு பாத்தா கடிகாரச் சுத்து, அதை வச்சு வாங்குங்க. சீல் நைட்ரைல் ரப்பரா, விட்டான்ங்கற (Viton) சூடு தாங்கற ரப்பரான்னு கேப்பாங்க. நைட்ரைல் 100 டிகிரி பக்கம் வந்தா வருசக்கணக்குல விறைக்கும், விட்டான் 200 வரைக்கும் தாங்கும், விலை சில மடங்கு. வேலைக்கு ஆகற கூலியையும் ரேடியேட்டர் கழட்டற பாட்டையும் பாத்தா விட்டான் வாங்கறது நியாயம்தான். பழுப்பா இருந்தா விட்டான்னு நம்பிடாதீங்க, கலரை எந்த ரப்பர்லயும் கலக்கலாம்.

இவ்வளவும் பண்ணித்தான் ரெண்டாவது தடவை நானே வீட்டுல மாட்டினேன். விட்டான் சீல், புது பேக்கிங், த்ரோவர் எஃப் முன்னாடி, கவர் நடுவுல, எல்லாம் பாடம் ஒப்பிக்கற மாதிரி. நாலு மாசம் அட்டை சுத்தம். அஞ்சாவது மாசம் பழையபடி கறை. வீட்டம்மா ஒண்ணும் சொல்லல, அட்டையைத் திருப்பிப் போட்டாங்க, அவ்வளவுதான்.

புல்லியைக் கழட்டி எடுத்துக்கிட்டு கணபதி பக்கம் தெரிஞ்ச லேத்துக்குப் போனேன், சீலையும் கூடவே கொண்டு போனேன், இதுல ஏதோ கோளாறுன்னு காட்டறதுக்கு. பெரியவரு சீலைத் திரும்பிக்கூடப் பாக்கல. புல்லிக் கழுத்தை வேஷ்டி ஓரத்துல தொடச்சுட்டு கட்டைவிரல் நகத்தை வச்சு நீளவாக்குல இழுத்தாரு. டிக்குன்னு ஒரு சின்ன சத்தம்.

"கேட்டுச்சா கண்ணு?"

"கேட்டுச்சுங்கய்யா."

"இந்தப் பள்ளத்துக்கு நீ என்ன சீல் போட்டாலும் ஒண்ணுதான்."

நானும் வச்சுப் பாத்தேன். கண்ணுக்கு வெறும் பளபளக்கற கோடு, அதுவும் அழகா இருக்கு, தேச்சு மெருகேத்தின மாதிரி. ஆனா நகம் அதுல விழுந்து ஏறுது. ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும்னா, ரப்பர் தேய்க்கறதில்ல, அதோட வாயில சிக்கிக்கிட்ட தூசியும் மணலும் நாப்பது வருசமா எமரி மாதிரி அறுத்திருக்கு. புது சீலோட வாய் அந்தப் பள்ளத்துல சரியா அமுங்காது, கொஞ்ச நாள் புதுசுங்கற விறைப்புல நிக்கும், அப்புறம் விட்டுடும். ஆக நிஜமா ஒப்பிட்டுப் பாக்க வேண்டியது எந்த சீல்ங்கறதையே இல்ல, இந்தக் கழுத்தை என்ன பண்றதுங்கறதைத்தான். சீலோட விலை நீங்க கடைக்குப் போய்ட்டு வர்ற ஆட்டோ காசைவிடக் கம்மி.

நகம் விழலைன்னா, வெறும் கோடுதான்னா, நைஸ் எமரி பேப்பரைச் சுத்துவாட்டத்துல மட்டும் ஓட்டித் தொடச்சுட்டு மாட்டிடலாம். சாய்வாட்டத்துல தேய்க்காதீங்க. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த என்ஜினோட பின்பக்கத்துல சீலே கிடையாது, கிராங்க்ல மரை மாதிரி ஒரு காடி வெட்டி விட்டிருக்காங்க, சுத்தும்போது அந்த மரை ஆயிலை உள்ள இழுத்துத் திருப்பி விடும், அதை நம்பித்தான் பின்பக்கம் ஓடுது. அதே தத்துவம் முன்பக்கம் நமக்கு எதிரா வேலை செய்யும், சாய்வா விழுந்த எமரி கீறலோ லேத் டூல் விட்டுட்டுப் போன கோடோ ஒரு மரைதான், திசை தப்பா இருந்தா சீலுக்கு அடியிலேருந்து ஆயிலை அதுவே இறைச்சு வெளிய ஊத்தும்.

நகம் லேசா விழுதுன்னா ஓசி வைத்தியம் ஒண்ணு இருக்கு, சீலை கவர்ல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்ன பின்ன உக்கார வச்சா வாய் தேயாத இடத்துல ஓடும். கவர்ல அதுக்கு இடம் இருக்கணும், த்ரோவர்ல போய் இடிக்கக் கூடாது. செலவில்லாத வழி, நான் ரெண்டாவது தடவையே இதைப் பண்ணியிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காதுன்னு நெனைக்கறேன்.

ஆழமா விழுந்தா மூணு வழி. ஒண்ணு, எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவ் மாதிரி மெல்லிசான எஃகு உறை. கனம் வெறும் 0.28 மில்லிமீட்டர், அதனால அதே அளவு சீலே போதும், கூட வர்ற கிண்ணம் மாதிரி கருவியை வச்சுத் தட்டி ஏத்தினா முடிஞ்சது, காடி ரொம்ப ஆழம்னா மட்டும் அடியில இரும்புத்தூள் கலந்த எபாக்சி பூசி நிரவிக்கணும். கழுத்தை மைக்ரோமீட்டர்ல மூணு இடத்துல அளந்து வாங்குங்க, தேஞ்ச இடத்துல அளந்து வாங்கிட்டு ஏறலைன்னு அடிச்சு நசுக்கின ஆளை எனக்குத் தெரியும். ரெண்டு, லேத்துல கழுத்தைக் கடைஞ்சு புஷ் ஏத்தி பழைய அளவுக்கு கிரைண்டிங் பண்றது. கோயமுத்தூர்ல இதுக்கு ஆளு பஞ்சமே இல்ல, ஆனா புல்லிக்குள்ள கீவே, அதாவது அச்சோட பூட்டற கீ கட்டை உக்கார்ற காடி, ஓடுது, அந்த இடத்துல சுவரு மெல்லிசு, ரொம்பக் கடைஞ்சா அங்கதான் விரிசல் விடும். வெல்டிங் வச்சு நிரப்பிக் கடையலாம்னு யாராச்சும் சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க, சூட்டுல கோணினா புல்லியே போச்சு. மூணு, வேற புல்லி. பழைய கடையில கிடைக்கும், ஆனா அதுவும் நாப்பது வருசம் ஓடினதுதானே, கடைக்காரர் முகத்தைப் பாக்காம நகத்தை வச்சுப் பாத்து வாங்குங்க.

என்னைக் கேட்டா உறைதான். பெரியவருக்கு புஷ் போடத்தான் இஷ்டம், உறையைப் பாத்து "பிஸ்கட் டப்பா தகரம் மாதிரி இருக்குது"ன்னாரு, கடைசியில அவரே பிரெஸ்ல வச்சு அழகா ஏத்தியும் குடுத்தாரு. மாட்டும்போது கீவேல கொஞ்சம் அனபாண்ட் வைக்கச் சொன்னாரு, அந்தக் காடி வழியா ஆயில் ஊர்ந்து நட்டுப் பக்கம் வெளிய வருமாம், பாத்தா சீல் லீக்கு மாதிரியே இருக்குமாம். வச்சேன்.

இதையெல்லாம் விட முன்னாடி பண்ண வேண்டிய சோதனை ஒண்ணு பாக்கி இருக்கு, வேணும்னுதான் கடைசியா வச்சேன், ஏன்னா முதல்ல சொன்னா யாரும் காதுல வாங்கறதில்ல. என்ஜின் சூடா ஓடும்போது ராக்கர் கவர் மேல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து உள்ளங்கையைக் காட்டுங்க. லேசா மூச்சு விட்டா சரி. புஸ்ஸு புஸ்ஸுன்னு புகையோட கையைத் தள்ளினா பேக் கம்ப்ரஷன், அதாவது என்ஜினுக்குள்ள அழுத்தம் தேங்குது, அதுக்கு ரெண்டு காரணம்தான். டேப்பட் சைடு கவர்லேருந்து கீழ போற ப்ரீதர் குழாய் அடைச்சிருக்கலாம், கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டுக் கம்பி விட்டா காசில்லாம தீர்ந்துடும், என்னோடதுல பாதி குழாய்க்கு களிம்பு இருந்துச்சு. குழாய் சுத்தமா இருந்தும் தள்ளுதுன்னா பிஸ்டன் ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு, கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்படிப்பட்ட என்ஜினுக்கு முன் சீலை இப்ப மாத்தாதீங்க, அழுத்தம் எங்கயாவது வழி பாத்து வெளிய வரத்தான் செய்யும், முன்னாடி அடைச்சா பின்னாடி மரை வழியா ஜாஸ்தியா வரும், கிளட்ச் வரைக்கும் நனையும். போர் வேலைக்கு என்ஜினை இறக்கும்போது சீல், உறை எல்லாம் ஸ்டாண்டு மேல வச்சு சொகுசா பண்ணிக்கலாம், முதுகு வலிக்காது.

அதே மாதிரி கிளட்ச் மாத்த என்ஜினை வெளிய எடுக்கப்போற ஐடியா இருந்தா அதுவரைக்கும் ஆயில் ஊத்தி ஓட்டுங்க. ஆனா சீலுக்காக மட்டும் என்ஜினை இறக்கலாம்னு எந்தப் பட்டறையாவது சொன்னா வேற பட்டறை பாருங்க, இந்த வண்டியில முன் சீல் மாத்த ரேடியேட்டர் கழட்டினாப் போதும், சம்ப்பைக்கூடத் தொட வேண்டியதில்ல.

உறை போட்டு இப்ப பதினொரு மாசம் ஆச்சு, நடுவுல ஊட்டி ரெண்டு தடவை ஏறி இறங்கியாச்சு, முன்பக்கம் துணியால தொடச்சா தூசிதான் வருது. பின்பக்கக் கறை அப்படியே இருக்கு, அது மரை வச்ச மகராசனோட வேலை, அதுக்கு நான் ஒண்ணும் பண்றதா இல்ல, அட்டையை மட்டும் ரெண்டடி பின்னாடி தள்ளிப் போட்டுக்கிட்டேன்.